நீலப் பூசை

“நாளை மறுநாள் பொலிஸ்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் ஒரு பூசை இருக்கிறது. நீங்களும் வருகிறீர்களா?”

பக்கத்து வீட்டு அம்மா இப்படிக் கேட்டதாக மகள் சொன்னபோது, அவள் சரியாகத்தான் மொழிபெயர்த்தாளா என்று எனக்குச் சந்தேகம். பொலிஸ்காரருக்குப் பூசையா? எங்கள் ஊரில் பொலிஸுக்குப் பயந்து நேர்ச்சை வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். பொலிஸுக்காக நேர்ச்சை வைத்தவர்களைக் கண்டதேயில்லை.

2023ஆம் ஆண்டு மகளின் பிரசவத்துக்காக நான் அமெரிக்கா போயிருந்தேன். வாஷிங்டன் நகருக்கு அருகில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். நோன்பு அங்கேயே கழிந்தது. பெருநாள் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். பேத்திக்குத் தலைமுடி இறக்கி, மகளுக்குக் காயம் கரைத்துக் கொடுத்து, வெளியே எட்டிப் பார்க்க நேரமில்லாமல் இருந்த எனக்கு அந்த அம்மாதான் ஒரே பேச்சுத் துணை. எழுபத்தைந்து வயதிருக்கும், விதவை. கணவர் முப்பது வருடம் சம்பளமில்லாத தீயணைப்பு வீரராக இருந்தவராம். சம்பளமில்லாமலா என்று கேட்டேன். அந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று முன்பின்னானவர்கள் தொண்டர்கள்தானாம். 1736இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தொண்டர் தீயணைப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி வைத்தார், அந்த வழக்கம் இன்னும் விடவில்லை என்று மருமகன் விளக்கம் சொன்னார். பகலில் மரவேலையோ வங்கி வேலையோ பார்த்துவிட்டு, இரவில் மணியடித்தால் ஓடுகிறார்கள்.

பூசைக்குப் போவதா வேண்டாமா என்று மகள் யோசித்தாள். எனக்கு அதில் பெரிய யோசனை இருக்கவில்லை. மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் விளங்கும்) பாதித் தெரு கத்தோலிக்கர், பாதித் தெரு நாங்கள். கலியாணத்துக்கும் மையித்துக்கும் கோயிலுக்குப் போய்ப் பின் வாங்கில் மரியாதையாக உட்கார்ந்து வருவது உம்மா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கம். அவர்களும் எங்கள் வீட்டு ஜனாஸாவுக்கு வந்து முன் விறாந்தையில் இருப்பார்கள். எனக்கு யோசனை கோயிலைப் பற்றியல்ல, பொலிஸைப் பற்றித்தான்.

அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது சகோதரிகளே. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, நம் நாட்டில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருக் கத்தோலிக்கர்களில் சொந்தக்காரரை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நாங்கள் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுக்குச் சோதனை வந்தது. ஐந்தாறு பேர். அலுமாரியைக் கொட்டினார்கள். வாப்பா விட்டுப்போன அரபுக் கிதாபுகளைக் கட்டாகக் கட்டினார்கள். நான் தொழுதுவிட்டு மடிக்காமல் விட்டிருந்த முஸல்லாவின் மேல் ஒரு சப்பாத்துக் கால் நின்றது. அந்தக் கால் நின்ற இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். மகனை “ஒரு வாக்குமூலம் எடுக்க” என்று கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். அடிக்கவில்லை என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிதாபுகள் திரும்பி வரவேயில்லை.

இது என் ஒருத்தியின் கதையல்ல, அந்த வருடம் இப்படி எத்தனையோ வீடுகள். தேடத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு சீருடையைக் கண்டால் என் வயிற்றில் ஏதோ பிசையும். விமான நிலையத்திலும் பிசைந்தது.

ஆகவே அந்த அம்மாவுடன் புறப்பட்டது, எதற்காக இவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆவலில்தான். பாராட்டும் எண்ணம் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

வாஷிங்டன் பத்தாம் வீதியில் புனித பேட்ரிக் தேவாலயம் இருக்கிறது. 1794இல் உண்டான பங்கு. வெள்ளை மாளிகையையும் பாராளுமன்றக் கட்டடத்தையும் கட்ட வந்த ஐரிஷ் கல்வேலைக்காரர்களுக்காகத் தொடங்கியதாம். நாங்கள் போகும்போது வீதியை மறித்திருந்தார்கள். இரண்டு தீயணைப்பு வாகனங்கள் எதிரெதிராக நின்று, தங்கள் நீண்ட ஏணிகளை உயர்த்தி, அவற்றுக்கிடையே வீடளவு பெரிய தேசியக் கொடியைத் தொங்க விட்டிருந்தன. அதன் கீழே பொலிஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வெவ்வேறு பிரிவுகள், வெவ்வேறு நீலங்கள். பைக் வாத்தியம் ஊதிக்கொண்டு ஒரு கூட்டம் முன்னால் நடக்க, இவர்கள் பின்னால் கோயிலுக்குள் போனார்கள். வழி நெடுக நின்ற சனம் கை தட்டவில்லை, அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இதை அவர்கள் நீலப் பூசை என்கிறார்கள். சீருடையின் நிறத்தை வைத்து வந்த பெயர். நீதிபதிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் சிவப்புப் பூசை என்று ஒன்று பழைய காலந்தொட்டு இருக்கிறது. வைத்தியத் துறைக்கு வெள்ளைப் பூசை. நீலத்தைத் தொடங்கியவர் தோமஸ் டேட் என்ற பாதிரியார். கத்தோலிக்கப் பொலிஸ்காரருக்கும் தீயணைப்பாளருக்குமாக ஒரு சங்கம் அமைத்து, 1934 செப்டெம்பர் 29ஆம் திகதி இதே கோயிலில் முதல் பூசையை வைத்திருக்கிறார். அந்தத் திகதிக்குக் காரணம் உண்டு. அன்று அவர்கள் நாட்காட்டியில் மிக்கேல் வானவரின் திருநாள். பொலிஸாருக்குக் காவலாக அவரைத்தான் கொள்கிறார்கள். தீயணைப்பாளருக்கு ஃபுளோரியன் என்று ஒரு பழைய உரோமைப் போர்வீரர். பின்னாளில் இந்த வழக்கம் பல மாநிலங்களுக்கும் பரவி, சில இடங்களில் செப்டெம்பரிலும் சில இடங்களில் மே மாதத்திலும் நடக்கிறது. மே மாதத்துக்கும் காரணம் இருக்கிறது: 1962இல் ஜனாதிபதி கென்னடி, கடமையில் உயிரிழந்த பொலிஸாரின் நினைவு நாளாக மே 15ஐ அறிவித்தார்.

மிக்கேல் என்ற பெயரைக் கேட்டதும், “எங்களுக்கும் அவரைத் தெரியும். மீக்காயீல் என்போம். மழையும் இரணமும் அவர் பொறுப்பு” என்றேன் அந்த அம்மாவிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். “மழையா? அப்படியானால் தீயணைப்புக்காரருக்கும் அவரே போதும்” என்று சிரித்தார்.

எங்களோடு இன்னொருவரும் வந்திருந்தார். கறுப்பினப் பெண்மணி, ஓய்வு பெற்ற ஆசிரியை, அதே பங்கைச் சேர்ந்தவர். பின் வாங்கில் எனக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அந்த அம்மா. பூசை தொடங்க நேரமிருந்தது. நான் சும்மா இருக்காமல், “உங்களுக்குப் பொலிஸ் மேல் கோபம் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. மகனுக்குப் பதினாறு வயதில் கார் ஓட்டப் பழக்கியபோது, பொலிஸ் மறித்தால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் எங்கே வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் பழக்கினேன் என்றார். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃபுளோய்ட் என்பவரின் கழுத்தில் பொலிஸ்காரர் முழங்காலை வைத்து அவர் இறந்துபோனார் அல்லவா, அதற்குப் பிறகு இந்தப் பூசைக்கு வர இவருக்கு மனம் வரவில்லையாம். “பிறகு ஏன் வந்தீர்கள்?” என்றேன்.

“இவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் இரவு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், என் மகனும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டும் என்று வந்தேன்.”

மகள் அருகில் இல்லாததால் நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று திரும்பக் கேட்டேன். அவர் மெதுவாக, சொல் சொல்லாகத் திரும்பச் சொன்னார்.

பூசையில் அவர்கள் ஓதியதையும் பாடியதையும் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. கடைசியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முந்திய வருடத்தில் கடமையில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அதன் பிறகு எங்கிருந்தோ ஒற்றை ஊதுகுழல். எனக்கு முன் வாங்கில் ஒரு இளம் பொலிஸ்காரன், கழுத்து சிவந்த பையன், என் மகன் வயதுதான் இருக்கும். தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று அழிறேசரைத் தடவுவது போல. அவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அதையும் பார்த்தேன், விரலையும் பார்த்தேன். எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து, கொஞ்சத் தூரம் நடந்து, பொலிஸாரின் தேசிய நினைவிடத்துக்குப் போனோம். 1991இல் திறக்கப்பட்டது. வளைந்து போகும் தாழ்ந்த சலவைக்கல் சுவர்கள், அவற்றில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு மே மாதமும் புதிய பெயர்கள் சேர்க்கிறார்கள். நுனிகளில் வெண்கலச் சிங்கங்கள் குட்டிகளைக் காத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு பெண் கடதாசியைச் சுவரில் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஒரு பெயரைப் பதித்து எடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்த சிறு பையன் கடதாசி நகராமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அன்றிரவு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “உம்மா, ஹம்தானியின் கதை தெரியுமா?” என்றாள். தெரியாது. அவள் சொன்னதைக் கேட்டு நான் தூங்கவில்லை.

முஹம்மத் சல்மான் ஹம்தானி. கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயோர்க் போனவர். அம்புலன்ஸ் ஓட்டியவர், அவசர மருத்துவ உதவியில் பயிற்சி பெற்றவர், நியூயோர்க் பொலிஸில் கடெற்றாகவும் இருந்தவர், ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. வயது 23. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி காலை வேலைக்குப் புறப்பட்டவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. எரிந்துகொண்டிருந்த கோபுரத்தை நோக்கி உதவப் போயிருந்தார். அது பிறகுதான் தெரிந்தது. முதலில் கிடைத்தது சந்தேகம். முஸ்லிம் பெயர், ஆளைக் காணோம். விசாரிக்க வந்தார்கள், பத்திரிகையில் ஒரு மாதிரி எழுதினார்கள். மகன் உயிரோடு எங்கேயாவது தடுப்பில் இருக்கக் கூடாதா என்று பெற்றோர் ஏங்கினார்களாம். மகன் சிறையில் இருக்க வேண்டும் என்று துஆக் கேட்ட தாயை யோசித்துப் பாருங்கள். 2002இல்தான் இடிபாட்டில் கிடைத்த உடற்பாகங்கள் அவருடையவை என்று உறுதியானது. ஏப்ரல் மாதம் நியூயோர்க்கின் பெரிய பள்ளிவாசலில் பொலிஸ் மரியாதையுடன் ஜனாஸா நடந்தது. மேயரும் பொலிஸ் ஆணையாளரும் வந்தார்கள். அந்த நாட்டின் சட்டம் ஒன்றிலேயே அவர் பெயர் வீரராக எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் கோபுரங்கள் இருந்த இடத்து நினைவுச் சுவரில் மீட்புப் பணியாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. தாய் தலாத் ஹம்தானி அதற்காகப் பல வருடம் வாதாடினார். 2014இல் அவர்கள் வாழ்ந்த குவீன்ஸ் பகுதியில் ஒரு தெருவுக்கு மகனின் பெயர் கிடைத்தது.

அதே நாளில் இறந்தவர் மைக்கல் ஜட்ஜ் என்ற பாதிரியார். நியூயோர்க் தீயணைப்புப் படையின் ஆன்மீகத் துணைவர். அன்று அந்தப் படையில் இறந்தவர்கள் 343 பேர். இறந்தோர் பதிவில் இவருக்குத்தான் முதலாம் இலக்கம். மகள் இரண்டு பேரையும் அடுத்தடுத்துச் சொன்னாள். ஒருவரின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்வியும் வரவில்லை, மற்றவருக்கு ஆறு மாதம் வந்தது. நான் சொல்ல வந்தது அமெரிக்காவைப் பற்றியல்ல. அந்த மூன்று நாளும் என் மகனுக்குப் பின்னால் நின்ற கேள்வியும் இதுதானே என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அந்தப் பங்குப் பெண்கள் சாப்பாடு கொண்டுபோனார்கள். வருடா வருடம் செய்வதாம். ஒருவர் வேகவைத்த கோழி, ஒருவர் கேக், ஒருவர் பெரிய தட்டில் பாண் துண்டங்கள். நான் கட்லட் போட்டேன். மீன், உருளைக்கிழங்கு, மிளகு, கறிவேப்பிலை. காரத்தைக் குறைத்தேன், குறைத்தும் ஒரு பெரிய ஆள் தண்ணீர் கேட்டார், கேட்டுவிட்டு இன்னும் இரண்டு எடுத்தார். நிலையம் ஒரு பெரிய வீடு போல இருந்தது. சுவரோரமாகக் கால்சட்டைகள் சப்பாத்துகளோடு சேர்த்தே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கால்சட்டையைச் சப்பாத்தின் மேல் சுருட்டி இறக்கி விட்டிருப்பார்கள். சப்பாத்துக்குள் காலை விட்டு மேலே இழுத்தால் இரண்டும் ஒரே தரத்தில் மாட்டிவிடும். பிள்ளைகள் வாகனத்தில் ஏறி மணியடித்தார்கள். யாரும் பேச்சுப் பேசவில்லை, மாலை போடவில்லை. நம் ஊரில் என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் பிரதம விருந்தினரும் வந்திருப்பார்கள், சாப்பாடு ஆறியிருக்கும்.

இடையில் மணி அடித்தது. அந்தப் பெரிய ஆள் கட்லட்டைப் பாதியில் தட்டில் வைத்தார். நான் முந்தானையைச் சரி செய்து நிமிர்வதற்குள் வாகனம் வாசலைத் தாண்டிவிட்டது. அங்கே அவசரத்துக்கு 911, 1968இல் அலபாமாவில் ஒரு சிறு ஊரில் முதன்முதலாகத் தொடங்கிய இலக்கம். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி அந்த மூன்று எண்ணை அழுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நானும் அப்படி நின்றிருக்கிறேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான் அது எனக்கு நினைவு வந்தது. அதுவரை வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2022 ஜூலைத் தொடக்கம். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று ஜூன் 28 முதல் கட்டுப்பாடு. தெருவில் ஒரு ஓட்டோ ஓடவில்லை. இரவு ஒன்றரை மணிக்குப் பிள்ளைகளின் வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வேர்வை ஊற்றியது. மகன் 1990க்கு எடுத்தான். இந்திய உதவியோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் வந்த அந்த இலவச அம்புலன்ஸ்தான். இருபது நிமிடத்தில் வந்தது. ஓட்டுநர் ஒரு இளைஞர், மருத்துவ உதவிக்கு ஒரு சிங்களப் பிள்ளை. இருபத்தைந்து வயது சொல்ல முடியாது. அறைக்குள் நுழைந்தவள் தரையில் என் முஸல்லா கிடப்பதைக் கண்டாள். அவசரம்தான், தாண்டியிருக்கலாம், மிதித்திருந்தாலும் அன்று நான் கவனித்திருக்க மாட்டேன். குனிந்து அதை எடுத்து, இரண்டாக மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் முழங்கால் போட்டு இருந்தாள். விரலில் ஒரு கருவியை மாட்டினாள், ஒட்சிசன் வைத்தாள், தொலைபேசியில் வைத்தியரிடம் கேட்டு ஒரு மாத்திரையைச் சப்பக் கொடுத்தாள். “அம்மே, பய வெண்ட எப்பா” என்று வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். இன்று வரை கடைக்குப் போய் வருகிறார்.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. ஒரு நன்றி சொல்லவில்லை. பள்ளிவாசலுக்குச் சதகா கொடுத்தோம், பக்கிர் வீட்டுக்கு அரிசி அனுப்பினோம், நோன்பு பிடித்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கும் எண்ணம் கூட வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 2019 மே 12, 13ஆம் திகதிகளில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் நம்மவர்களின் கடைகளையும் பள்ளிகளையும் அடித்தார்கள். நோன்பு காலம். எங்கள் தெரு முனையிலும் இரண்டு இரவு ஒரு கொன்ஸ்டபிளைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். வயதானவர், மீசை நரைத்தவர். நல்ல மழை. பூட்டிக் கிடந்த எங்கள் கடையின் தாழ்வாரத்தில் ஒடுங்கி நின்றார். சஹருக்கு எழுந்தபோது யன்னலால் பார்த்தேன், நின்றுகொண்டேயிருந்தார். அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மகனைக் கூட்டிப் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. யன்னலைச் சாத்தினேன். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. அவர் நின்றதால் வரவில்லையா, எதிர்த் தெருக் கத்தோலிக்கப் பெரியவர்கள் இரவிரவாக விழித்திருந்ததால் வரவில்லையா, எனக்குத் தெரியாது. ஈஸ்டர் ஞாயிறன்று தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸ்காரர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்பதையும் அன்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும்.

நாடு திரும்பிய பிறகு, முன் தெருக் கத்தோலிக்க அக்காவிடம் நீலப் பூசையைப் பற்றிச் சொன்னேன். அவருடைய தங்கை மகள் ஈஸ்டர் குண்டில் போனவள். அக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, “இங்கே நாங்கள் பொலிஸுக்கு வழக்குத்தான் வைத்தோம் மகள், பூசை எங்கே வைத்தோம்” என்றார். அதிலும் பிழையில்லை. முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறினார்கள் என்று மேல் இடத்தில் இருந்தவர்களை நட்டஈடு கட்டும்படி 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “ஆனால் அன்றைக்குச் சிதறிக் கிடந்த பிள்ளைகளைக் கையால் தூக்கினவனும் பொலிஸ்காரன்தான். சட்டை முழுக்க இரத்தம். தூக்கிக் கொடுத்துவிட்டு மதிலோரம் போய் வாந்தி எடுத்தான். அவனுக்கு யார் என்ன சொன்னார்கள்?” என்றார்.

அந்த வாரம் இரண்டு வட்டிலப்பம் அவித்தேன். நல்ல கித்துள் கருப்பட்டி, பதினாறு முட்டை, மேலே கஜு. ஒன்றை மகனோடு எடுத்துக்கொண்டு அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் வேறு பிள்ளைகள். எந்த இரவு, எந்த வீடு என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு பிள்ளை, அந்த அக்கா மாற்றலாகிப் போயிருக்கலாம் என்றாள். நோயாளி இல்லாமல் ஒருவர் தேடி வந்ததில் அவர்களுக்கு வெட்கம். தட்டை யார் வாங்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஓட்டுநர் இரண்டு கையாலும் வாங்கினார். “முட்டை இருக்கா?” என்று கேட்டார். அவர் முட்டை சாப்பிடுவதில்லையாம். மற்றப் பிள்ளை, “அப்போ உங்கள் பங்கும் எனக்கு” என்றாள்.

மற்ற வட்டிலப்பத்தோடு பொலிஸ் நிலையம் இருக்கும் வீதி வரை போனோம். நம் நாட்டில் கையில் தட்டோடு பொலிஸுக்குள் போனால் ஏதோ வழக்கு இருக்கிறது, “சந்தோஷம்” கொடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதையும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் கொன்ஸ்டபிள் ஓய்வு பெற்றிருப்பார், யாரையென்று கேட்பது? மகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான், இறங்கவில்லை. “நீங்கள் போங்கள் உம்மா, நான் இங்கே நிற்கிறேன்” என்றான். வாசலைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

“சரி, போகலாம் மகன்” என்றேன்.

இரவு பிள்ளைகளின் வாப்பா குளிர்ப்பெட்டியைத் திறந்து, “இது யாருக்கு?” என்று கேட்டார். ஒரு பொலிஸ்காரருக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.